மூங்கில் காட்டில் மூன்று மணி நேரம்

சென்ற தீபாவளி விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்த என் மகன், ஒரு டிஸ்க்கைக் கொண்டுவந்து நீட்டினான். "சைனீஸ் கத்திச்சண்டைப் படம்ப்பா. மூணு மணி நேரம்" என்றான். எனக்கு அவ்வளவாக விருப்பமில்லை. எழுபதுகளில் 'எண்டர் தி டிராகன்' பார்த்துவிட்டு, டில்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் கையையும் காலையும் வீசி முட்டியைப் பெயர்த்துக்கொண்ட கோஷ்டியைச் சேர்ந்தவன் நான். அந்தப் பைத்தியம் அந்த வயதோடு போயிற்று என்று நினைத்திருந்தேன்.

"நீ போடுடா, நான் பாக்கறேன்" என்றாள் 84 வயதான என் அம்மா. பேரன் எதைப் போட்டாலும் அவள் பார்ப்பாள்.

படத்தின் ஆங்கிலப் பெயர் 'எ டச் ஆஃப் ஜென்'. சீனப் பெயர் 'சியா நூ'; வீரப் பெண் என்று சொல்லலாம். பூ சோங்லிங் எழுதிய பழைய விசித்திரக் கதைகளில் ஒன்றைத் தழுவியது. இயக்கியவர் கிங் ஹூ. பீஜிங்கில் பிறந்து, இருபது வயது நிரம்பும் முன்பே 1949ல் ஹாங்காங் வந்துவிட்டவர். பிறகு தைவானுக்குப் போய், தான் விட்டு வந்த பழைய சீனத்தை அங்கே செட் போட்டு எடுத்தார்.

கதை மிங் வம்ச காலத்தில் நடக்கிறது. கு என்ற ஏழை, படம் வரைந்தும் பிறருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தும் பிழைக்கிறான். முப்பது வயதாகியும் கல்யாணமில்லை. பரீட்சை எழுதி சர்க்கார் உத்தியோகத்துக்குப் போ, ஒரு பெண்ணைக் கட்டிக்கொள் என்று அவன் தாயார் ஓயாமல் நச்சரிக்கிறாள். நான் சப்டைட்டிலைத் தமிழில் சொல்லச் சொல்ல, அம்மாவுக்கு ஒரே குஷி. "எல்லா ஊர்லயும் இதே பாட்டுத்தானா!" என்றாள்.

பக்கத்துப் பாழடைந்த கோட்டையில் ஒரு பெண் குடிவருகிறாள். பேயோ என்று கு பயப்படுகிறான். பேய் இல்லை, கொலையுண்ட ஒரு நேர்மையான அதிகாரியின் மகள், அரண்மனை ஆட்களுக்குத் தப்பி ஒளிந்திருக்கிறாள். சண்டைப் படம் என்று பெயர், முதல் சண்டை வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது! ஆனால் மூங்கில் காட்டில் வரும் அந்தச் சண்டை இருக்கிறதே, பத்து நிமிடக் காட்சிக்கு இருபத்தைந்து நாள் படப்பிடிப்பாம். பெய்ஜிங் ஓபராவில் பழகிய ஹான் யிங்ஜியே அமைத்தது. டிராம்போலினில் துள்ளித்தான் ஆட்கள் பறந்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் ஜாலம் ஏது அப்போது? 2000ல் வந்து உலகமே கொண்டாடிய 'கிரவுச்சிங் டைகர்' படத்தின் மூங்கில் காட்டுக்கு இதுதான் மூலம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு. கு தன் மூளையால் கோட்டை முழுக்கப் பொய்ப் பேய்களை வைத்து எதிரிகளைச் சாய்க்கிறான். மறுநாள் காலை, தன் தந்திரங்களைப் பார்த்துத் தானே விழுந்து விழுந்து சிரிக்கிறான். சிரித்துக்கொண்டே நடப்பவன் கண்ணில் பிணங்கள் படுகின்றன. சிரிப்பு நின்றுவிடுகிறது.

இப்படிப்பட்ட படத்தை 1970லும் 71லும் இரண்டு பாகமாக வெட்டித் தைவானில் வெளியிட்டார்கள். ஓடவில்லை. பிறகு முழுப்படம் 1975ல் கான் விழாவில் தொழில்நுட்ப விருது பெற்றது. கிங் ஹூ 1997ல் காலமானார். நாயகியாக நடித்த ஷூ ஃபெங், பிற்காலத்தில் தயாரிப்பாளராகி 'ஃபேர்வெல் மை கான்குபைன்' எடுத்தவர். அவர் உதவியால் இந்தப் படம் புதுப்பிக்கப்பட்டு 2015ல் மறுபடி கானில் திரையிடப்பட்டது. நாங்கள் பார்த்தது அந்தப் பிரதிதான்.

இரண்டு மணி நேரம் கடந்த பிறகு, அந்தப் பெண் குழந்தை பெற்று, அதைத் தகப்பனிடம் விட்டுவிட்டு மடத்துக்குப் போய்விடுகிறாள். அம்மா நிறுத்தச் சொன்னாள்.

"குழந்தையை விட்டுட்டா போறா?"

"ஆமாம்மா. துறவியாயிட்டா."

1968ல் அப்பாவுக்கு டில்லி மாற்றலானபோது, என்னை மாயவரத்தில் பாட்டியிடம் விட்டுவிட்டு அம்மா ரயில் ஏறினாள். மூன்று வருஷம். ஏன், என்ன என்று நான் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை.

"ஸ்டேஷன்ல நீ அழவே இல்லடா" என்றாள் டிவியைப் பார்த்தபடியே. "அழுதிருந்தா நான் எறங்கியிருப்பேன்."

எனக்குப் பேச வரவில்லை. மகன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, படத்தை மறுபடி ஓடவிட்டான். கைக்குழந்தையோடு நடந்து வரும் குவை எதிரிகள் வளைக்கிறார்கள். கத்தியோடு அவள் திரும்பி வருகிறாள்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வந்துட்டா பாரு" என்றாள்.