அருங்காட்சியக மர்மக் கதைச் சொற்கள்

அருங்காட்சியகத்தில் நிகழும் மர்மக் கதைகளில் அடிக்கடி வரும் சொல் 'உடைமை வரலாறு'. ஒரு கலைப்பொருள் முதலில் எங்கிருந்தது, பின்பு யார் யார் கைக்கு மாறியது என்பதைக் காட்டும் பதிவே அது. செஞ்சி மாணவர்களுக்கு இதற்கு எடுத்துக்காட்டு பக்கத்திலேயே உண்டு. புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்துள்ள கருங்கல் தூண்கள், 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் செஞ்சியிலிருந்து கொண்டுசென்றவை என்பர். கடற்கரைக்கு வருவோரில் பலர் இதை அறியார்.

கோயிலின் வெளிச்சுவரில் தெய்வ உருவம் நிற்கும் மாடத்திற்குக் 'கோஷ்டம்' என்று பெயர். விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் கோஷ்டத்தில் இருந்த கல் அர்த்தநாரீசுவரர் களவுபோனது. 2004இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் அதை வாங்கியது. விற்றவர் நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூர். சிலை 1970இலேயே டெல்லியில் விற்கப்பட்டதாக ஒரு ரசீதும் உடன் வந்தது.

இங்கே 'தடயம்' என்ற சொல் பொருள் பெறுகிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1974இல் எடுத்த ஒளிப்படத்தில் அதே சிலை கோயிலிலேயே நிற்கிறது. அப்படியானால் ரசீது 'போலி ஆவணம்'. கதைகளில் துப்பறிவாளர் பூதக்கண்ணாடியோடு அலைவார். இங்கு துப்புத் துலக்கியது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம்.

திருடிய பொருளை உரிய இடத்திற்குத் திருப்பித் தருவது 'மீளளிப்பு'. அர்த்தநாரீசுவரர் 2014 செப்டம்பரில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டார். கான்பெராவிலிருந்த ஸ்ரீபுரந்தான் நடராசரும் அப்போதுதான் உடன் திரும்பினார்.