நீங்குங் கருவி

மூன்றாம் வேற்றுமைக்குரிய பொருள்களுள் கருவி ஒன்று. அதனை முதற்கருவி, துணைக்கருவி என வகுத்து மாணவர்க்குக் கற்பிக்கிறோம். மண்ணாற் குடத்தை வனைந்தான் என்னுமிடத்து மண் முதற்கருவி. அது குடமாகிக் குடத்தோடு நின்றுவிடுகிறது. திரிகையாற் குடத்தை வனைந்தான் என்னுமிடத்துத் திரிகை துணைக்கருவி. தொழில் முடிந்ததும் அது நீங்கிவிடுகிறது. பல்லாண்டுகளாக வகுப்பறையிற் சொல்லிவரும் இந்தப் பாகுபாட்டிற்குப் புதியதோர் உதாரணம் அண்மையிற் கிடைத்தது.

என் தமக்கையாருக்கு இடுப்பு மூட்டை மாற்றிச் சத்திரசிகிச்சை செய்தனர். பார்க்க வந்த உறவினர் யாவரும் உள்ளே வைத்த பொருளைப் பற்றியே விசாரித்தனர். எந்த உலோகம், எந்த நாட்டிற் செய்தது, எத்தனை ஆண்டு உழைக்கும் என்பனவே வினாக்கள். அதனை எக்கருவியாற் பொருத்தினர் என்று ஒருவருங் கேட்டிலர். முதற்கருவிக்கு உள்ள மதிப்புத் துணைக்கருவிக்கு இல்லை. அதனைப் பற்றி நூல்களாலும் அறிந்தோர் வாயிலாகவும் தெரிந்துகொண்டவற்றுட் சிலவற்றை ஈண்டு எழுதுகிறேன்.

இடுப்பு மூட்டு ஒரு பந்தும் ஒரு கிண்ணமும் சேர்ந்த அமைப்பு. தொடையென்பின் தலை பந்து; இடுப்பென்பிலுள்ள குழி கிண்ணம். இரண்டும் தேய்ந்துவிட்டால் நடை நரகமாகும். இதற்கு மாற்று மூட்டை நெடுங்காலம் தேடினர். 1890 அளவிலேயே பேர்லினில் கிளக் என்னும் சத்திரவைத்தியர் யானைத் தந்தத்தால் மூட்டுகள் செய்து பார்த்தார். எனினும், நிலைத்த வழியைக் கண்டவர் இங்கிலாந்தின் லங்காஷயரைச் சேர்ந்த ஜோன் சார்ன்லி.

சார்ன்லி பட்டறையை நேசித்த வைத்தியர். தம் வீட்டிலேயே கடைசற்பொறி வைத்திருந்தவர். உலோகப் பந்து சிறிதாக இருந்தால் உராய்வின் திருகுவலியுங் குறையும் எனக் கணித்தார். அவருடைய பந்தின் விட்டம் 22.225 மில்லிமீற்றர், பழைய அளவில் ஓர் அங்குலத்தின் எட்டில் ஏழு பங்கு. தண்டினை என்பினுள் நிறுத்துவதற்குப் பல்வைத்தியர் கையாண்ட அக்கிரிலிக் வகைப் பசையைப் பயன்படுத்தினார். அது ஒட்டும் பசையன்று; கல்லுக்கிடையே இடும் சாந்துபோல இடைவெளியை நிரப்பிப் பாரத்தைப் பரப்புவது.

கிண்ணத்திற்கு அவர் முதலில் தேர்ந்த பொருள் டெப்லோன். ஏறக்குறைய முந்நூறு நோயாளருக்கு அதனை வைத்தார். முதலில் நோவின்றி நடந்தனர். சில ஆண்டுகளில் கிண்ணம் தேய்ந்தது. தேய்ந்த துகள்கள் சுற்றியிருந்த தசையைப் புண்படுத்தின. அத்துகளின் இயல்பை அறிய அவர் அதனைத் தம் தொடையிலேயே செலுத்திக்கொண்டு சோதித்தார். பிறர் உடம்பிற் பட்டதைத் தம் உடம்பிற் பட்டறிய முனைந்த அவ்வுள்ளத்தை மாணவர் அறிதல் வேண்டும்.

அவரை மீட்டது ஒரு பொறி. றைற்றிங்ரன் வைத்தியசாலையின் பட்டறையில் அவருக்கு உதவியாக இருந்த ஹரி கிறேவன் என்னுந் தொழில்நுட்பர், மூட்டுப் பொருள்களைத் தேய்த்துப் பார்க்கும் பொறி ஒன்றை அமைத்திருந்தார். 1962இல் பொலித்தீன் வகை ஒன்றின் மாதிரி அங்கு வந்தது. சார்ன்லி அதனை நகத்தாற் கீறிப் பார்த்துப் பொருட்படுத்தாது விட்டார். கிறேவனோ அவர் வெளியூர் சென்றிருந்தபோது அதனைப் பொறியில் ஏற்றி ஓடவிட்டார். டெப்லோன் ஒரே நாளில் தேயும் அளவுகூட இப்பொருள் மூன்று கிழமையில் தேயவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அதனாற் செய்த கிண்ணம் முதன்முறையாக நோயாளருக்கு வைக்கப்பட்டது. அந்தத் தேய்ப்புப் பொறி எவருடைய உடம்பினுள்ளும் புகவில்லை. ஆயினும் உலகெங்கும் நடக்கின்ற பல்லாயிரங் கால்களில் அதன் உழைப்பு இருக்கிறது.

சார்ன்லியின் மூட்டிலே தண்டும் பந்தும் ஒரே வார்ப்பு. பின்வந்தோர் அவற்றைத் தனித்தனியே செய்தனர். கழுத்தின் நீளத்தையும் பந்தின் பருமனையும் நோயாளிக்கு ஏற்பத் தெரிந்து, சத்திரசிகிச்சைக் கூடத்திலேயே இணைக்கலாம் என்பது இதன் நயம். முதலில் மாதிரிப் பந்தை மாட்டிக் காலின் நீளத்தையும் மூட்டின் இறுக்கத்தையும் பார்த்தபின்னரே உண்மைப் பந்தை எடுப்பர்.

அவ்விணைப்பில் ஆணியில்லை, திருகில்லை, பசையுமில்லை. தண்டின் முனை மெல்லக் குறுகும் கூம்பு; பந்தினுள்ளே அதற்கேற்ற துளை. பரவலாக வழங்கும் வகை ஒன்றிற் கூம்பின் விட்டம் மேலே 12, கீழே 14 மில்லிமீற்றர் என்ற அளவை ஒட்டியது. இது மருத்துவர் கண்டதன்று. 1860களில் அமெரிக்கக் கம்மியரான மோர்ஸ் துளையூசியைப் பொறியிற் பிடித்து நிறுத்த வகுத்த உத்தியின் வழிவந்தது. இரும்புப் பட்டறையின் அறிவு என்புப் பட்டறைக்கு வந்தது.

இனித் துணைக்கருவிக்கு வருவோம். பந்தைக் கூம்பின்மேல் வைத்தபின் ஒரு கைபிடித் தண்டை அதன்மீது நிறுத்திச் சுத்தியலால் அடிப்பர். தண்டின் நுனி மென்மையான பிளாத்திக்கு. பீங்கான் பந்தை உலோகச் சுத்தியல் நேரே தொடுதல் ஆகாது. அடி கழுத்தின் அச்சு வழியே விழவேண்டும். சாய்ந்து விழுந்தால் பிடிப்புக் குன்றும். கூம்பு துடைத்து உலர்ந்திருக்கவேண்டும். ஒரு துளி இரத்தம், ஓர் என்புத் துணுக்கு, சிறிது கொழுப்பு இடையே இருந்தாலும் கேடு வரும். பிடிப்புத் தளர்ந்தால் ஒவ்வோரடி நடைக்கும் இரு பரப்புகளும் நுண்ணளவில் அசைந்து அரிக்கும்; உலோகத் துகள் உடம்பிற் கலக்கும்; மீண்டுங் கத்தி வைக்க நேரும்.

அடியின் வலியும் அளவைப் பொருளாயிற்று. ஏறக்குறைய 4,000 நியூட்டன் விசையேனும் வேண்டும் என ஆய்வாளர் சிலர் கூறுவர். அது நானூறு கிலோகிறாம் பாரத்திற்கு ஒப்பாகும். மெல்ல மெல்லப் பலமுறை தட்டுவது வலிய ஓரடிக்கு ஈடாகாது. கைக்குக் கை அடி வேறுபடுவதால், வரையறுத்த விசையைத் தாமே அளிக்கும் கருவிகளையும் வடிவமைத்துள்ளனர்.

இணைப்பென்றதும் எமக்குப் புணர்ச்சி நினைவுக்கு வரும். நிலைமொழியும் வருமொழியும் கூடுமிடத்தே விகாரம் தோன்றுமாயின் அதனையும் இலக்கணம் என்று ஏற்போம். இங்கு அஃதில்லை. தோன்றலும் திரிதலும் கெடுதலும் இன்றி இயல்பாய்ப் புணர்ந்தாலன்றி நோயாளிக்கு உய்தியில்லை.

வள்ளுவர் மருத்துவத்திற்கு நோயாளி, வைத்தியன், மருந்து, பணிவிடை செய்வோன் என உறுப்பு நான்கு வகுத்தார். சுசுருதர் சத்திரக் கருவிகளை நூற்றொன்றென்றும் இருபதென்றும் எண்ணி வகுத்த இடத்திலே, எல்லாக் கருவிகளுள்ளும் கையே தலையாயது என்றார். இவ்விரு கருத்துகளையும் சேர்த்து நோக்கின் ஒன்று புலனாகும். வைத்தியனுடைய கைக்கு முன்னே இன்னொரு கை உழைத்திருக்கிறது. கூம்பைக் கடைந்த கை அது. சுத்தியலைச் சமன்செய்த கை அது. தேய்ப்புப் பொறியை ஓட்டிய கிறேவனுடைய கை அது.

எங்கள் மாணவருள் கணக்கிலும் விஞ்ஞானத்திலுந் தேர்ந்தோர் வைத்தியராக விரும்புகின்றனர். பெற்றோரும் அதனையே வேண்டுகின்றனர். நல்லது. ஆனால் பட்டறையில் நிற்பதைத் தாழ்வென எண்ணும் பழக்கம் நல்லதன்று. கருவி செய்யத் தெரிந்தவர் இல்லாத நாட்டில், எத்துணைக் கெட்டிக்கார வைத்தியரும் பிறர் அனுப்பும் பெட்டியைக் காத்திருத்தல் வேண்டும். வேற்றுமையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இனித் திரிகைக்கு அருகே இந்தச் சுத்தியலையும் ஓர் உதாரணமாகச் சொல்வாராக.