சேலத்துக்கு நேர் கிழக்கே

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

இந்தியப் படத்தில் சேலத்தின் மீது அடிமட்டத்தை வைத்துக் கிழக்கே கோடு இழுத்துப் பாருங்கள். கடலூர்ப் பக்கமாகக் கரையைக் கடந்து, வங்கக் கடலைத் தாண்டி, அக்கோடு அந்தமானின் போர்ட் பிளேரில் போய் முட்டும். 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது அவ்வூர்தான். இரண்டு ஊர்களும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 11.6 பாகையை ஒட்டி அமைந்துள்ளன.

தீர்க்கரேகையில் வேறுபாடு 14.5 பாகை. நிலநடுக்கோட்டில் ஒரு பாகை 111 கிலோமீட்டர். நம் அட்சரேகையில் அதைக் கொசைன் 11.6-ஆல் பெருக்க வேண்டும். ஆக, தூரம் சுமார் 1,580 கிலோமீட்டர். பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் அங்கே கதிரவன் 58 நிமிடம் முந்தி உதிக்கிறான். கடிகாரம் மட்டும் இரண்டு ஊர்களிலும் ஒரே மணி காட்டுகிறது! டிசம்பரில் அங்கே மாலை ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும்.

கமலாபுரத்தில் நமக்கொரு விமான நிலையம் இருந்தாலும், அந்தமானுக்குச் செல்வோர் சென்னை வழியாகவே செல்கின்றனர். சென்னையிலிருந்து வான்வழி 1,370 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகமென்றால் 103 நிமிடம் போதும். ஆனால் கால அட்டவணையோ இரண்டு மணி நேரத்துக்கு மேல் காட்டுகிறது. ஓடுபாதையில் ஊர்வதும், மேலேறுவதும், இறங்குவதும் மெதுவாகத்தானே நடக்கும்? காற்றும் தன் பங்குக்குக் கணக்கை மாற்றும். பருவமழை மாதங்களில் தென்னிந்தியாவின் மேல்வானில் கீழைக் காற்றோட்டம் ஒன்று பாய்கிறது. இதை 1958-ல் விரிவாக எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். எதிர்க்காற்று 50 கிலோமீட்டர் என்று கொண்டால் போக 110 நிமிடம், வர 97 நிமிடம்.

இவ்வளவையும் நான் கணக்கிட்டதற்குக் காரணம் என் அண்ணன். போர்ட் பிளேருக்கும் தெற்கே 530 கிலோமீட்டரில், பெரிய நிக்கோபாரின் கேம்பல் விரிகுடாவில் அவர் கட்டட வேலை செய்கிறார். இடையே 150 கிலோமீட்டர் அகலத்தில் பத்துப் பாகைக் கால்வாய் கிடக்கிறது. ஹெலிகாப்டரில் இருக்கைகள் சில, நோயாளிகளுக்கே முதலிடம். மற்றவர்களுக்குக் கப்பல்தான்.

சென்ற ஐப்பசியில் எங்கள் அப்பாயி காலமானார். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் தொலைபேசியில் செய்தி நொடியில் போய்விட்டது. அண்ணன் வந்து சேர்ந்தது சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. அப்பாயியின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"ஏரோப்ளேன்ல வந்துமாடா ஆறு நாளு?" என்று அப்பா கேட்டார். அவர் லாரி ஓட்டுநர். லோடுக்காகக் காத்துக் கிடப்பது அவருக்குப் பழகியதுதான். அண்ணனிடம் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். கப்பலுக்குக் காத்திருந்தது 58 மணி. வழித் தீவுகளில் நின்று நின்று வந்த கப்பலில் 40 மணி. விமானத்துக்குக் காத்திருந்தது 23 மணி. விமானத்தில் இரண்டேகால் மணி. சென்னையிலிருந்து வீடு வர எட்டே முக்கால் மணி. மொத்தம் 132 மணி நேரம்.

தூரம் சுமார் 2,240 கிலோமீட்டர். வகுத்தால் மணிக்கு 17 கிலோமீட்டர் வருகிறது. நம்மில் பலர் கல்லூரிக்குச் சைக்கிள் மிதித்து வரும் வேகம்.