முழங்காலுக்கு முன்னால் ஒரு சாண்: விலை போடுவது யார்?

விமான டிக்கெட்டை இணையத்தில் வாங்கும்போது, பணம் கட்டும் பக்கத்துக்குச் சற்று முன்னால் ஒரு படம் வரும். கூரையைக் கழற்றிவிட்டு மேலிருந்து பார்ப்பதுபோல் விமானத்தின் உட்புறம். சின்னச் சின்னக் கட்டங்களாக இருக்கைகள். பெரும்பாலானவை ஒரே நிறம். முன்பக்கச் சில வரிசைகளும் இறக்கைக்கு அருகே உள்ள இரண்டு வரிசைகளும் மட்டும் வேறு நிறம். அவற்றில் ஒன்றைத் தொட்டால் கூடுதல் கட்டணம் கேட்கும். ஏர்ஆசியாவில் இதற்கு 'ஹாட் சீட்' என்று பெயர். வேறு நிறுவனங்களில் வேறு பெயர்.

அதே விமானம், அதே நேரம், அதே மெத்தை, அதே சாப்பாடு. வித்தியாசம் முழங்காலுக்கு முன்னால் ஒரு சாணுக்கும் குறைவான காற்று. அந்தக் காற்றுக்கு யார் எப்படி விலை போடுகிறார்கள்?

முதலில் அளந்து பார்ப்போம். ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன் இருக்கையின் அதே புள்ளி வரை உள்ள தூரத்தை 'பிட்ச்' என்பார்கள். மலிவுக் கட்டண விமானங்களில் இது 28 அல்லது 29 அங்குலம். பெரிய நிறுவனங்களின் சிக்கன வகுப்பில் 31 அல்லது 32. அங்குலத்தைச் சென்டிமீட்டராக்கினால் 28 அங்குலம் என்பது 71 செ.மீ. ஆனால் இந்த 71 செ.மீ.யும் உங்கள் காலுக்கு இல்லை. முதுகு சாயும் பகுதியின் தடிமனும் அதற்குள்ளேயே அடங்கும். அதனால்தான் புதிய இருக்கைகளைப் பலகைபோல் மெல்லியதாகச் செய்கிறார்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சுவரோடு ஒட்டிய நாற்காலியில் முதுகைச் சுவரில் ஒட்டி நிமிர்ந்து உட்காருங்கள். சுவரிலிருந்து முழங்காலின் முன் நுனி வரை அளவுநாடா பிடிக்கச் சொல்லுங்கள். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு 55 முதல் 65 செ.மீ.க்குள் வரும். 71இலிருந்து இருக்கையின் தடிமனைக் கழித்துவிட்டு இந்த எண்ணோடு ஒப்பிட்டால், வீட்டில் யாருடைய முழங்கால் முன் இருக்கையை இடிக்கும் என்று இப்போதே தெரிந்துவிடும்.

ஒரு வரிசையின் கணக்கு

ஏ320 வகை விமானத்தில் ஒரு வரிசைக்கு 6 இருக்கைகள். 30 வரிசைகள் என்றால் 180 பேர். ஏர்ஆசியாவின் பழைய ஏ320 விமானங்களில் இதுதான் எண்ணிக்கை. புதிய நியோ வகையில் 186. விமானத்தின் நீளம் கூடவில்லை. பின்பக்கத்தில் சமையலறையையும் கழிவறையையும் நெருக்கி அடுக்கி ஒரு வரிசையை நுழைத்துவிட்டார்கள்.

இதைத் தலைகீழாகச் செய்து பாருங்கள். ஒரு வரிசையைக் கழற்றி எடுத்தால் 28 அங்குலம் மிச்சமாகும். அதை முன்பக்க ஐந்து வரிசைகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஐந்தரை அங்குலத்துக்குச் சற்று அதிகமாகக் கிடைக்கும். 6 இருக்கைகள் போயின. 30 இருக்கைகள் விசாலமாயின. ஒரு டிக்கெட் 150 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் நட்டம் 900 ரிங்கிட். 30 பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 30 ரிங்கிட்.

அப்படியானால் 30 ரிங்கிட்தான் நியாயமான விலையா? இங்கேதான் கணக்கு நழுவுகிறது. விமானம் நிரம்பும் நாளில் மட்டுமே அந்த 900 ரிங்கிட் உண்மையான நட்டம். 150 பேர் மட்டும் பறக்கும் செவ்வாய்க்கிழமை காலையில், கழற்றிய ஆறு இருக்கைகளும் எப்படியும் காலியாகவே போயிருக்கும். அன்று நட்டம் பூச்சியம்.

அமெரிக்காவின் ஜெட்புளூ நிறுவனத்தின் கதை இன்னும் சுவையானது. 2007இல் அது தன் ஏ320 விமானங்களில் ஒரு வரிசையை எடுத்து, 156 இருக்கைகளை 150ஆகக் குறைத்தது. அமெரிக்க விதிப்படி 50 இருக்கைகளுக்கு ஒரு விமானப் பணியாளர் வேண்டும். 156 என்றால் நான்கு பேர். 150 என்றால் மூன்று பேர் போதும். ஒருவரின் சம்பளம் மிச்சம், எடை குறைந்ததால் எரிபொருளும் மிச்சம். அடுத்த ஆண்டே விசாலமான வரிசைகளுக்குத் தனிக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. ஆக, செலவைக் குறைத்த ஒரு மாற்றமே விற்பனைப் பொருளாகவும் ஆனது.

இறக்கை அருகே உள்ள இரண்டு வரிசைகள்

அவசர வழிக்குப் பக்கத்து வரிசைகளின் கதை வேறு. அங்கே இடம் விட்டது நிறுவனத்தின் தாராள மனத்தால் அல்ல.

1985 ஆகஸ்ட் 22. இங்கிலாந்தின் மான்செஸ்டர் விமான நிலையத்தில், கிரேக்கத் தீவு ஒன்றுக்குச் சுற்றுலாப் பயணிகளுடன் புறப்பட்ட ஒரு போயிங் 737, ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது எஞ்சின் பழுதாகித் தீப்பிடித்தது. விமானம் தரையை விட்டு எழும்பவே இல்லை, நின்றுவிட்டது. இருந்தும் விமானத்தில் இருந்த 137 பேரில் 55 பேர் இறந்தனர். பெரும்பாலோரைக் கொன்றது புகை. இறக்கைக்கு மேலிருந்த அவசர வழியைத் திறக்க முயன்ற பயணியின் மீதே அந்தக் கனத்த கதவு விழுந்தது. இரண்டு வரிசைகளுக்கு இடையே இருந்த குறுகலான சந்தில் மக்கள் சிக்கிக்கொண்டார்கள்.

அதன் பிறகு கிரான்ஃபீல்டில் ஹெலன் மியூர் என்ற உளவியல் பேராசிரியர் ஓர் ஆராய்ச்சி செய்தார். உண்மையான விமானத்துக்குள் தன்னார்வலர்களை உட்காரவைத்து வெளியேறச் சொன்னால், எல்லாரும் பள்ளிப் பேருந்தில் இருந்து இறங்குவதுபோல் வரிசையாக இறங்குகிறார்கள். தீ விபத்தில் மனிதர் அப்படி நடப்பதில்லை. அவசரத்தை எப்படி உண்டாக்குவது? முதலில் வெளியேறும் பாதிப் பேருக்கு மட்டும் ஆளுக்கு 5 பவுண்டு பரிசு என்று அறிவித்தார். அவ்வளவுதான், தள்ளுமுள்ளு தொடங்கியது. அவசர வழிக்குப் போகும் இடைவெளியை மாற்றி மாற்றி வைத்து, எத்தனை பேர் எவ்வளவு நேரத்தில் வெளியேறுகிறார்கள் என்று அளந்தார்கள். மிகக் குறுகலான இடைவெளி ஆளை நிறுத்திவைக்கிறது என்பது எண்களாகவே தெரிந்தது.

இன்று புதிய வகை விமானம் ஒன்று அனுமதி பெற, பாதி வழிகளை மட்டும் பயன்படுத்தி 90 விநாடிக்குள் எல்லாரும் வெளியேற முடியும் என்று காட்ட வேண்டும். அவசர வழிக்குச் செல்லும் பாதையும் அடைபடக் கூடாது. ஏ320இன் இறக்கை அருகே நீங்கள் பார்க்கும் அந்த அகலமான இடம், விதி கேட்பதால் எப்படியும் விடப்பட வேண்டிய இடம். அதை உருவாக்க நிறுவனத்துக்குத் தனியாக ஒரு செலவும் இல்லை. அதற்கும் கட்டணம் உண்டு.

அப்படியென்றால் கால் இடத்தின் விலை செலவிலிருந்து பிறப்பதில்லை என்பது தெளிவு. அது உங்களைப் பற்றிய ஊகத்திலிருந்து பிறக்கிறது.

அவசர வழியில் 12 இருக்கைகள் என்று கொள்வோம். எண்கள் நான் கற்பனையாக எடுத்தவை. 30 ரிங்கிட் என்றால் 12 பேர் வாங்குவார்கள்: வரவு 360. 50 ரிங்கிட் என்றால் 9 பேர்: 450. 80 ரிங்கிட் என்றால் 5 பேர்: 400. செலவு இல்லாத பொருளுக்கு எந்த விலை சிறந்தது? வரவு உச்சமாகும் 50. அந்த விலையில் மூன்று இருக்கைகள் காலியாகப் பறக்கும். நிறுவனத்துக்கு அது கவலையில்லை. விமானம் கிளம்பியதும் அந்தக் காலி இருக்கைக்கு நீங்கள் தாவினால் மட்டும் பணியாளர் வந்து எழுப்புவார். இலவசமாகக் கிடைக்கும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அடுத்த முறை 50 ரிங்கிட் கொடுப்பவர் யார்?

நாளைக்கு வருபவருக்காகக் காத்திருக்கலாமா?

பசார் மாலாமில் இரவு பத்து மணிக்கு மேல் பழக்கடையைப் பார்த்திருப்பீர்கள். மிச்சமிருக்கும் ரம்புத்தானைக் கூவிக் கூவிப் பாதி விலைக்குத் தள்ளுவார்கள். விமான இருக்கையும் அழுகும் பொருள்தான். கதவு மூடிய நொடியில் அதன் மதிப்பு பூச்சியம். ஆனால் விமான நிறுவனத்தில் கடைசி நேரத்தில் விலை பெரும்பாலும் ஏறுகிறது. காரணம், கடைசி நேரத்தில் வருபவர்கள் வேறு வகை மனிதர்கள். நாளைக்கே கூட்டம் என்று அலுவலகம் அனுப்பியவர், முழங்கால் வலியோடு அவசரமாக ஊருக்குப் போகும் பாட்டி. இவர்கள் அதிகம் கொடுப்பார்கள்.

இதற்கு ஒரு கணித விதி உண்டு. 1972இல் பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனத்தில் பணியாற்றிய கென் லிட்டில்வுட் என்பவர் டிக்கெட் விற்பனைக்காக எழுதியது அது. பள்ளியில் 'கெபாராங்காலியான்' என்று படிக்கிறீர்களே, அந்த நிகழ்தகவு போதும், இதைப் புரிந்துகொள்ள.

இன்று ஒருவர் 40 ரிங்கிட் கொடுக்கத் தயார். கடைசி நாளில் ஒருவர் 100 ரிங்கிட் கொடுக்கலாம், வராமலும் போகலாம். அவர் வரும் வாய்ப்பு 0.4க்கு மேல் இருந்தால் இருக்கையைப் பிடித்து வைத்துக்கொள். குறைவென்றால் இப்போதே விற்றுவிடு. 100 × 0.4 = 40 அல்லவா? பழைய பதிவுகளைப் பார்த்தால், பத்துப் பயணங்களில் ஒன்பதில் கடைசி நேரத்தில் குறைந்தது ஒருவராவது வந்திருக்கிறார். அப்போது முதல் இருக்கையின் எதிர்பார்ப்பு மதிப்பு 90 ரிங்கிட். அதை 40க்குக் கொடுக்கக் கூடாது. குறைந்தது நான்கு பேர் வந்தது பத்தில் ஐந்து முறை: 50 ரிங்கிட், அதையும் வைத்திரு. எட்டுப் பேர் வந்தது ஒரே முறை: 10 ரிங்கிட். எட்டாவது இருக்கையை இன்றே விற்றுவிடு. கணினிகள் இந்தக் கணக்கை ஒவ்வொரு பயணத்துக்கும் திரும்பத் திரும்பப் போடுகின்றன. நீங்கள் திரையில் பார்க்கும் எண் அதன் விடைகளில் ஒன்று. தூரம், நேரம், விடுமுறைக் காலம், எத்தனை இருக்கைகள் மீதி என்பவை எல்லாம் அதற்குள் போகின்றன. தீபாவளிக்கு முதல் வாரம் திருச்சிப் பயணத்தையும் சாதாரண மாதத்தின் புதன்கிழமைப் பயணத்தையும் கணினி ஒன்றாகப் பார்க்காது.

கூரை இல்லாத ரயில்பெட்டி

1849இல் ஜூல் துப்புயி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ஒரு கேள்வி எழுப்பினார். ரயில் நிறுவனங்கள் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாமல், மரப்பலகையில் உட்காரவைப்பது ஏன்? கூரைக்குப் பெரிய செலவில்லை. ஏழைகளைத் துன்புறுத்தும் ஆசையும் அவர்களுக்கு இல்லை. கூரை போட்டால் இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்கக் கூடியவர்களும் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடுவார்கள் என்ற பயம்தான் என்றார் அவர்.

இன்றைய 28 அங்குலமும் அந்தக் கூரையில்லாப் பெட்டியா? முழுக்க அப்படிச் சொல்ல மாட்டேன். இருக்கைகள் நெருங்கியதற்கு முதல் காரணம், ஒரு வரிசை கூடினால் டிக்கெட்டை மலிவாக விற்கலாம் என்பது. அந்த மலிவு இல்லையென்றால் நம்மில் பலர் பறந்தே இருக்க மாட்டோம். ஆனால் நெருக்கத்திலிருந்து தப்பிக்கக் கட்டணம் வாங்கத் தொடங்கிய பிறகு, சாதாரண வரிசையை அகலமாக்க நிறுவனத்துக்கு என்ன ஆசை இருக்கும்? அமெரிக்க செனட் குழு ஒன்று 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, அந்நாட்டின் ஐந்து நிறுவனங்கள் 2018 முதல் 2023 வரை இருக்கைக் கட்டணங்களில் மட்டும் 1,240 கோடி அமெரிக்க டாலர் ஈட்டின.

இருக்கைக்குக் குறைந்தபட்ச அளவு வகுக்கும்படி அமெரிக்க நாடாளுமன்றம் 2018இல் விமானப் பாதுகாப்பு அமைப்பைப் பணித்தது. அந்த அமைப்பு ஓக்லஹோமா நகரில் 775 பேரை வைத்துச் சோதித்து, இருக்கைகளின் நெருக்கம் வெளியேறுவதைத் தாமதப்படுத்தவில்லை என்றது. பங்கேற்றவர்கள் எல்லாரும் 60 வயதுக்குட்பட்ட, உடல்நலமுள்ள பெரியவர்கள். குழந்தைகள் இல்லை, கைத்தடியோடு நடக்கும் தாத்தாக்கள் இல்லை. நம் விமானங்களில் இருவரும் இருக்கிறார்கள்.

இந்த இருக்கையை வாங்க நினைப்பவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்ளலாம். அவசர வழி இருக்கையில் சிறுவர்கள் உட்கார முடியாது. அமெரிக்க விதியில் எல்லை 15 வயது. இரண்டு அவசர வரிசைகள் அடுத்தடுத்து இருந்தால் முன் வரிசை பெரும்பாலும் பின்னால் சாயாது. முதல் வரிசையில் உணவுத் தட்டு கைப்பிடிக்குள் மடங்கி இருப்பதால் இருக்கை சற்றுக் குறுகலாக இருக்கும். பையைக் காலடியில் வைக்கவும் முடியாது.

விலையை ஒப்பிட எளிய வழி ஒன்று உண்டு. கட்டணத்தை, கூடுதலாகக் கிடைக்கும் சென்டிமீட்டராலும் பயண மணி நேரத்தாலும் வகுத்துவிடுங்கள். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு ஏறக்குறைய 4 மணி நேரம். 15 செ.மீ.க்கு 60 ரிங்கிட் என்றால், ஒரு சென்டிமீட்டர் ஒரு மணி நேரத்துக்கு 1 ரிங்கிட். பினாங்குக்கு 1 மணி நேரம், 30 ரிங்கிட் என்றால் அதுவே 2 ரிங்கிட். பாதி விலைபோல் தெரிந்தது இரு மடங்கு விலை. அந்த 15 செ.மீ. வீட்டில் யாருக்கு உண்மையில் தேவை என்பதைச் சுவரோரம் பிடித்த அளவுநாடா முன்பே சொல்லியிருக்கும்.