கடல் நீச்சலும் கடற்பிராணிகளும்

நீந்துதல், மிதிவண்டி ஓட்டுதல், ஓடுதல் ஆகிய மூன்றையும் இடைவிடாமல் செய்து முடிக்கும் போட்டிக்கு 'டிரையத்லான்' என்று பெயர். 2000-ஆம் ஆண்டு சிட்னியில் நடந்த ஒலிம்பிக் விழாவில் இது முதன்முதலாக இடம்பெற்றது. நம் நாட்டிலும் 2019 முதல் கோவாவின் மீராமார் கடற்கரையில் இத்தகைய பெரும் போட்டி ஒன்று நடந்து வந்திருக்கிறது. அதில் கடலில் நீந்தவேண்டிய தூரம் 1.9 கிலோமீட்டர். மும்பையில் மாதுங்கா, தாராவி, செம்பூர்ப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இவ்விளையாட்டில் நாட்டம் பிறந்தால், பெற்றோர் மனத்தில் முதலில் எழும் வினா, 'கடலில் சுறா இருக்குமே!' என்பதாகவே இருக்கும். இவ்வச்சம் எவ்வளவு தூரம் நியாயமானது என்பதை ஆராய்வோம்.

உலகக் கடல்கள் அனைத்திலும் சேர்த்து, சீண்டப்படாமலே சுறா மனிதரைக் கடித்த நிகழ்ச்சிகள் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 60 அளவில்தான் பதிவாகின்றன. மும்பைக்கு வடக்கே பால்கர் மாவட்டத்தில், வைதரணா நதியின் உப்பங்கழியில் 2024 பிப்ரவரியில் ஒருவர் சுறாவினால் காலில் கடுமையாகக் காயமுற்றது உண்மையே. ஆயினும் அது அரிதாக நிகழ்வது. அரிதாக இருந்ததனாலேயே அது பெருஞ்செய்தியாயிற்று.

சுறாவும் கடற்பாம்பும் உண்டென்று அஞ்சப்படும் பாக் நீரிணையை மிஹிர் சென் 1966 ஏப்ரலில் நீந்திக் கடந்தார். தமிழ்நாட்டுச் சிறுவன் குற்றாலீசுவரன் 1994-இல் கடந்தான். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் அதே நீரிணையைப் போகவும் வரவுமாகக் கடந்து காட்டினார். அவ்வீரரே 1984-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிர் நீத்தார். அவர் உயிரைக் கொண்டது சுறாவுமன்று, பாம்புமன்று என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

அவ்வாறாயின், மும்பைக் கடலில் நாம் எச்சரிக்கையாக இருக்கவேண்டிய பிராணிகள் யாவை? அவை உருவிற் சிறியவை. முதலாவது, நீல நிறக் காற்றுப் பையுடன் மிதந்து வரும் ஒருவகைச் சொறி. இதற்குத் தானாக நீந்தும் ஆற்றல் இல்லை. காற்று தள்ளிய திக்கில் செல்லும். ஆதலால் தென்மேற்குப் பருவக் காற்று வீசும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஜூஹு முதலிய கடற்கரைகளில் திரளாக ஒதுங்குகிறது. 2018-இல் இதனாற் பலர் துன்புற்றனர். கரையில் கிடப்பதைத் தொட்டாலும் அதன் நூல் போன்ற உறுப்புகள் கொட்டும். கொட்டிய இடத்தைத் தேய்க்கலாகாது. மணலும் நன்னீரும் இடலாகாது. கடல்நீரால் கழுவி, ஒட்டியுள்ள நூல்களைச் சிறு இடுக்கியால் எடுத்துவிட்டு, சுமார் 45 பாகை வெந்நீரில் 20 நிமிடம் அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். மூச்சுத் திணறல் கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

இரண்டாவது, திருக்கை. இது ஆழமற்ற நீரில் மணலுக்குள் புதைந்து கிடக்கும். மிதித்தால் வாலிலுள்ள நச்சுமுள்ளால் குத்தும். 2013-இல் கிர்காம் சௌபாத்தியில் விநாயகர் சிலைகளைக் கரைக்க இறங்கிய அன்பர் பலர் இவ்வாறு காயமுற்றனர். நீரில் இறங்குகையில் காலைத் தூக்கி வைக்காமல் மணலோடு தேய்த்து நகர்த்திச் சென்றால், அதிர்வை உணர்ந்து திருக்கை விலகிவிடும். குத்திய காலைப் பொறுக்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் வைத்துக்கொண்டு, மருத்துவரை நாடவேண்டும்.

மூன்றாவது, கடற்பாம்பு. இதன் நஞ்சு கொடியது. ஆனால் இயல்போ சாதுவானது. கடியுண்போரில் பெரும்பாலோர் வலையில் சிக்கிய பாம்பைக் கையால் எடுக்கும் மீனவரே. கடித்த இடத்தில் வலி தோன்றாதிருக்கலாம். சிலமணி நேரத்துக்குள் தசைகள் நோவெடுக்கும். நம் நாட்டில் வழங்கும் நச்சுமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கு நிலப்பாம்புகளுக்கானது, கடற்பாம்புக்கு உரியதன்று. ஆகவே வலியில்லை என்று வாளாவிருக்காமல், செயற்கைச் சுவாசமும் இரத்தச் சுத்திகரிப்பும் செய்ய வசதியுள்ள மருத்துவமனையை விரைந்து அடைய வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் உள. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடவர் டிரையத்லான் ஒருநாள் ஒத்திவைக்கப்பட்டது. காரணம், சேன் நதிநீரில் பெருகியிருந்த நோய்க்கிருமிகள். தாராவிக்கு அருகே மித்தி ஆறு நகரத்துக் கழிவுநீரையெல்லாம் சுமந்துகொண்டு மாஹிம் குடாவில் கலக்கிறது. அங்கே நீந்த இறங்குபவன் சுறாவுக்கு அஞ்சத் தேவையில்லை, நீருக்கே அஞ்சவேண்டும்.

இவை அனைத்தினும் பெரிய அபாயம் வேறொன்று. அமெரிக்க நாட்டில் 1985 முதல் 2016 வரை இப்போட்டிகளில் நேர்ந்த மரணங்களையும் இருதயம் நின்ற நிகழ்ச்சிகளையும் ஆய்ந்தபோது, 135-இல் 90 நீச்சற் பகுதியிலேயே நேர்ந்தன என்று கண்டனர். திரளாகப் பாயும் பரபரப்பு, மறைந்திருந்த இருதய நோய், பயிற்சிக் குறைவு, அச்சத்தால் தடுமாறும் மூச்சு ஆகியன இவ்விடத்துக் கருதத்தக்கவை. காலில் ஒரு பாசிக்கொடி உராய்ந்ததும் 'சுறா!' என்று பதறுபவன், அப்பதற்றத்தினாலேயே நீரைக் குடித்துத் தத்தளிக்கக்கூடும். இல்லாத சுறா செய்யும் தீங்கு இதுவே.

ஆதலின் செய்யத்தக்கன சில. முதலில் செம்பூரிலும் தாதரிலும் உள்ள மாநகராட்சி நீச்சற் குளங்களில் நெடுந்தூரம் பழகவேண்டும். மருத்துவரிடம் இருதயத்தைச் சோதித்துக்கொள்ளவேண்டும். மழைக்காலம் கழிந்த பின்னரே, ஓத நேரத்தை அறிந்து, காவற் படகுடனும் துணையுடனும் கடலில் இறங்கவேண்டும். மும்பையின் ஓதம் சில நாள்களில் 4.5 மீட்டருக்கும் மேல் உயர்வது. அதனோடு போட்டியிடுவது அறிவுடைமையாகாது.

பிள்ளைகளைக் கடலுக்கு அஞ்சும்படி வளர்ப்பதும் தகாது. அஞ்சாமல் பாயும்படி விடுவதும் தகாது. எதற்கு அஞ்சவேண்டும், எதற்கு அஞ்சவேண்டா என்று பகுத்தறியக் கற்பிப்பதே அவர்களுக்கு நாம் அளிக்கும் சிறந்த காப்பாகும்.