அருவிக்குப் போகும் முன்னே...



குற்றாலம் என்று சொன்னதும் உங்களுக்கு என்ன நினைவு வரும்? அருவிதானே! பஸ்ஸில் வந்து இறங்குவோம். தலையில் எண்ணெய் வைத்துக் குளிப்போம். நடுங்கிக்கொண்டே சூடாக பஜ்ஜி தின்போம். நேந்திரங்காய் சிப்ஸ் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவோம். நன்றாகத்தான் இருக்கும். ஆனால், அந்த அவசரத்தில் நாம் பார்க்காமலே தாண்டிப் போகிற இடங்கள் எத்தனையோ!

இந்தத் தடவை தென்காசியிலேயே இறங்கிவிடுங்கள். அங்கிருந்து குற்றாலம் 5 கிலோமீட்டர்தான் இருக்கும். அம்மா, அப்பா, தாத்தா யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு, காலை வெயில் ஏறுவதற்குள் நடக்க ஆரம்பியுங்கள். கையில் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். என்ன, கிளம்பலாமா?

முதலில் காசி விசுவநாதர் கோயில். ஊருக்குள் எங்கே நின்றாலும் அதன் ராஜகோபுரம் தெரியும். ஒன்பது நிலை, ஏறக்குறைய 180 அடி உயரம். கோபுர வாசலில் நுழையும்போது ஒரு வேடிக்கை. ஆனி, ஆடி மாதங்களில் காற்று நம்மை நிற்க விடாது. உள்ளே போகும்போது முதலில் எதிர்க்காற்று முகத்தில் அடிக்கும், பாதி தாண்டியதும் பின்னாலிருந்து முதுகைத் தள்ளும் என்று ஊரார் சொல்வார்கள். நிஜம்தானா? கைக்குட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்து, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஜூன் மாதம் கேரளத்தில் மழை பிடிக்கும்போது, மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல் நின்று மேகத்தைத் தடுத்துவிடுகிறது. அதனால்தான் அந்த மாதங்களில் நம் பக்கம் பெரும்பாலான ஊர்களில் வெயில் காய்கிறது. ஆனால், செங்கோட்டைக்கு மேற்கே அந்தச் சுவரில் ஓர் இடைவெளி இருக்கிறது. ஆரியங்காவுக் கணவாய் என்று பெயர். கதவைத் திறந்து வைத்ததுபோல் அதன் வழியே ஈரக்காற்று இந்தப் பக்கம் புகுந்துவிடுகிறது. குற்றாலச் சாரலும் தென்காசிக் காற்றும் அந்தக் கணவாய் தருகிற கொடைதான்.

சரி, கோயிலுக்கு வருவோம். இதைக் கட்டியவர் பராக்கிரம பாண்டியர். பாண்டியர் என்றால் மதுரையில்தானே இருக்க வேண்டும், இங்கே எப்படி வந்தார்கள் என்று கேட்பீர்கள். 1311-ல் மாலிக் கபூரின் படை மதுரைக்கு வந்து கொள்ளையடித்தது. அதற்குப் பிறகு மதுரை சுல்தான்கள் கைக்கும், பின்னர் விஜயநகரத்தார் கைக்கும் போய்விட்டது. பாண்டியர்கள் தெற்கே நகர்ந்து வந்து, தென்காசியைத் தலைநகராக வைத்துக்கொண்டு ஒரு சிறிய நாட்டை ஆண்டார்கள். வெற்றிவேற்கை படித்திருக்கிறீர்கள் அல்லவா? அதைப் பாடிய அதிவீரராம பாண்டியரும் இந்தத் தென்காசி அரசர்தான்.

பராக்கிரம பாண்டியர் கனவில் சிவபெருமான் தோன்றி, "எறும்புகள் சாரையாகப் போகும் வழியே போ; அது முடியும் இடத்தில் எனக்குக் கோயில் கட்டு" என்று சொன்னதாகவும், எறும்புச் சாரை சிற்றாற்றங்கரையில் வந்து முடிந்ததாகவும் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 1446-ல் திருப்பணி தொடங்கியது. கோபுர வேலை முடிவதற்குள் அரசர் காலமாகிவிட்டார். அவருடைய தம்பி குலசேகர பாண்டியர் அதை முடித்து வைத்தார்.

உள்ளே மண்டபத்தில் ஆள் உயரத்துக்கும் மேலான கற்சிலைகள் நிற்கின்றன. வீரபத்திரர், ரதி, மன்மதன் என்று ஒவ்வொன்றையும் ஒரே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். நின்று நிதானமாகப் பாருங்கள். விரல் நகம்கூடத் தெரியும்.

ஆனால், நான் உங்களைக் கூட்டி வந்தது சிலைக்காக அல்ல, எழுத்துக்காக. இந்தக் கோயில் கல்வெட்டுகளில் பராக்கிரம பாண்டியர் பாட்டாகவே ஒரு வேண்டுகோளைப் பொறித்து வைத்திருக்கிறார். "இந்தக் கோயிலுக்குப் பின்னாளில் ஏதாவது பழுது வந்து, அதை யாராவது சரி செய்தால், அவர் எவராக இருந்தாலும் அவர் பாதத்தில் நான் விழுந்து வணங்குகிறேன்" என்பது அதன் கருத்து.

முன்பு நான் பள்ளிப் பிள்ளைகளை இங்கே அழைத்து வந்து இதைச் சொன்னபோது, ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், ராஜா கால்லதானே எல்லாரும் விழுவாங்க? அவர் எதுக்கு யாரோ ஒருத்தர் கால்ல விழணும்?"

நல்ல கேள்வி இல்லையா? எனக்குத் தோன்றுவது இதுதான். தம் முன்னோர் மதுரையையே விட்டு வர நேர்ந்ததை அவர் அறிந்தவர். ராஜ்யம் கைமாறும், அரண்மனை இடியும் என்று அவருக்குத் தெரியும். தென்காசியில் இன்று அவர் அரண்மனை எங்கே? காணோம்! "நான் இருக்க மாட்டேன், இனி வருகிறவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று புரிந்துகொண்ட ஒருவர் வேறு எப்படி எழுதுவார்? கட்டளை போட முடியாது. கெஞ்சத்தான் முடியும்.

அவர் பயந்தது நடக்கவும் செய்தது. ராஜகோபுரம் சிதைந்து, நெடுங்காலம் மொட்டையாக நின்றது. பா. சிவந்தி ஆதித்தன் முன்னின்று திருப்பணி செய்து, இப்போது நாம் பார்க்கும் கோபுரம் 1990-ல் எழுந்தது. இதில் ஓர் ஒற்றுமையைப் பாருங்கள். அதே 1990 ஜனவரியில்தான் இத்தாலி நாட்டில் உலகப் புகழ்பெற்ற பைசா சாய்ந்த கோபுரம், விழுந்துவிடுமோ என்ற பயத்தில் இழுத்து மூடப்பட்டது. பொறியாளர்கள் பத்து ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டு, சாய்வைக் கொஞ்சம் குறைத்து, 2001 டிசம்பரில் திறந்தார்கள். அங்கே போகிறவர்கள் கோபுரத்தைக் கையால் தாங்குவதுபோல் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நாமோ, தலை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் குற்றாலம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறோம்!

கல்வெட்டைப் படிக்க முயன்று பாருங்கள். எழுத்துக்கு மேல் புள்ளி இருக்காது. எ, ஏ இரண்டுக்கும் ஒரே வடிவம்தான். ஆகவே முதலில் குழப்பும். தெரிந்த ஓர் எழுத்தைத் தேடுங்கள். "க", "ப", "ட" கிடைத்துவிட்டால் மற்றவை மெல்லப் பழகும். கல்லின் மேல் சாக்பீஸ் தடவாதீர்கள். நோட்டில் பார்த்து வரைந்துகொண்டால் போதும்.

இனி மேற்கு நோக்கி நடை. மலை நமக்கு எதிரிலேயே இருக்கும், வழி தவறாது. கால்நடையாகப் போகிறோம் என்று நான் சொன்னால், "நாங்க ஆடு மாடா டீச்சர்?" என்று சிரிக்கிற பிள்ளைகள் உண்டு. நீங்களும் சிரித்துக்கொண்டே வாருங்கள், களைப்புத் தெரியாது.

வழியில் மேலகரம் என்ற ஊர். நிறையப் பேர் இங்கே இறங்குவதே இல்லை. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் இந்த ஊர்க்காரர். வசந்தவல்லி பந்தாடுவது, குறத்தி தன் மலையின் வளத்தைச் சொல்வது, சிங்கன் சிங்கியைத் தேடி அலைவது என்று படிக்கப் படிக்கக் காலே தாளம் போடும். மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அந்தப் பாட்டுக்குப் பரிசாகக் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் "குறவஞ்சி மேடு" என்றே பெயர் வந்தது. ஒரு புத்தகத்தின் பெயரில் ஒரு வயல்! வேறு எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

குற்றாலம் வந்துவிட்டோம். கோயில் அருவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மற்றக் கோயில்கள் சதுரமாக அமைந்திருக்க, குற்றாலநாதர் கோயில் சங்கு வடிவில் அமைந்தது. திருஞானசம்பந்தர் இங்குள்ள குறும்பலாவுக்கென்று தனியாக ஒரு பதிகமே பாடியிருக்கிறார்.

அருவிக்கு ஓடத் துடிக்கிறீர்கள், தெரிகிறது! ஐந்து நிமிடம் பொறுங்கள். கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி, கூட்டமில்லாத ஓரிடத்தில் சித்திர சபை இருக்கிறது. நடராசர் ஆடும் சபைகள் ஐந்து. சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு ரத்தினம். குற்றாலத்தில் பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை. இங்கே நடராசரே ஓவியம்தான்! சுவர்களிலெல்லாம் வண்ணச் சித்திரங்கள். எதிரே அமைதியான தெப்பக்குளம்.

உள்ளே போனால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டிய வண்ணம் அது. நம் விரலில் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் இருக்கும். ஒருவர் தொட்டால் ஒன்றும் தெரியாது. சீசனில் ஆயிரம் பேர் தொட்டால் தேவர் முகத்தில் மூக்கு காணாமல் போய்விடும். கற்சிலையின் கை உடைந்தால் மீதியைப் பார்த்து ஊகிக்கலாம். ஓவியம் உதிர்ந்தால் வெறும் சுவர்தான். பழைய கோயில் சுவர்களில் ஆணியால் தம் பெயரையும் நண்பர் பெயரையும் கீறிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் கோபமாக வரும். கோயில் கட்டிய பாண்டியர் பின்னால் வருகிறவர்களைக் கும்பிட்டார். இவர்கள் பின்னால் வந்து என்ன செய்கிறார்கள் பாருங்கள்!

ஐந்தருவி சாலையில் ரசிகமணி டி.கே.சி.யின் நினைவிடம் இருக்கிறது. கம்பன் பாட்டை எப்படி ரசிப்பது என்று தமிழர்களுக்குச் சொல்லித் தந்தவர், 1954-ல் காலமானார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடிக் குற்றாலம் வருவார்கள். நேரமிருந்தால் போய் வாருங்கள்.

இப்போது பேரருவி! நேராக விழுந்தால் அந்த வேகத்தில் நம்மால் நிற்கவே முடியாது. நடுவே பொங்குமாங்கடல் என்ற ஆழமான பாறைக்குழி இருக்கிறது. தண்ணீர் முதலில் அதில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்து, பிறகுதான் நம் தலையில் விழுகிறது.

காவலர்கள் "வெளியே வாங்க" என்று சொன்னால், அடுத்த நொடி வெளியே வந்துவிட வேண்டும். "இன்னும் ஒரே நிமிஷம்" என்ற பேச்சே கூடாது. மலை உச்சியில் பெய்கிற மழை கீழே இருக்கும் நமக்குத் தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீரென்று வந்த வெள்ளத்தில், உங்களைப்போலக் குளிக்க வந்த 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான்.

குளித்து முடித்ததும் தலையைத் துவட்டிக்கொண்டே அருவி விழும் பாறையை உற்றுப் பாருங்கள். அந்தப் பாறையில் சின்னச் சின்னதாக நிறையச் சிவலிங்கங்கள் செதுக்கியிருக்கிறார்கள். என்ன, ஒன்றும் தெரியவில்லையா? சீசனில் தெரியாது, தண்ணீர் மூடியிருக்கும். அருவி மெலிந்து கோடுபோல் வழியும் கோடைக் காலத்தில்தான் அவை வெளியே வரும். யாரும் குளிக்க வராத மாதங்கள் அவை! ஆகவே ஆடியில் ஒரு தடவை, பங்குனி, சித்திரையில் ஒரு தடவை என்று குற்றாலத்துக்கு இரண்டு முறை வர வேண்டும். வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள்!