ஒரே கோப்பை இருவர் திறந்தால்?

ஏழெட்டு கணினிகள் உள்ள அலுவலகத்துக்குப் புதிதாக நாஸ் பெட்டி (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான கோப்புச் சேமிப்பகம்) வாங்கியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: எஸ்எம்பி, என்எஃப்எஸ், ஏஎஃப்பி, எஃப்டிபி என்று கோப்புகளைப் பகிர நாலைந்து வசதிகள் இருக்கின்றன, எதை ஆன் செய்வது, எது வேகம்?

வேகப் போட்டி வீடியோக்களை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஜிகாபிட் கேபிளில் நொடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் எதுவும் போகாது. பெரிய வீடியோவைக் காப்பி செய்தால் எஸ்எம்பி, என்எஃப்எஸ் இரண்டுமே அந்த எல்லையை நெருங்கிவிடும். ஒரே கோப்பை இரண்டு பேர் திறக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

எஸ்எம்பியில் 'ஆப்லாக்' என்றோர் அருமையான ஏற்பாடு உண்டு. கோப்பை நீங்கள் மட்டும் திறந்திருந்தால், படித்ததைக் கணினியிலேயே வைத்துக்கொள்ளவும் எழுதியதைச் சேர்த்துவைத்து அனுப்பவும் சர்வர் அனுமதி தருகிறது. மளிகைக்கடைப் பற்று நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வேறு யாரும் கேட்காதவரை முதலாளி அதைக் கடைப்பையனிடம் விட்டுவைக்கிறார். அவன் ஒவ்வொரு வரிக்கும் கல்லாவுக்கு ஓடாமல் தன் மூலையில் உட்கார்ந்து துண்டுச்சீட்டில் குறித்துக்கொள்கிறான். இன்னொருவர் நோட்டைக் கேட்டதும் முதலாளி குரல் கொடுக்கிறார். சீட்டில் உள்ளதையெல்லாம் பையன் நோட்டில் ஏற்றித் திருப்பித் தரும்வரை வந்தவர் காத்திருக்க வேண்டும். பையன் தூங்கிப்போனால்? விண்டோஸ் சர்வர் 35 நொடி பொறுத்துப் பார்க்கும். பிறகு அனுமதியைப் பறித்துவிடும். இருவரும் படிக்க மட்டுமே வந்தவர்கள் என்றால் ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் ஒரு வரி எழுதினாலும் மற்றவரின் நகல் செல்லாது. கேட்டதற்குப் பதில் சொல்வதுதான் சர்வரின் வழக்கம். இங்கே அதுவே முந்திக்கொண்டு கணினியைக் கூப்பிடுகிறது. அதுதான் இதன் அழகு.

என்எஃப்எஸ்ஸின் 3ஆம் பதிப்பில் கோப்பு யாரிடம் இருக்கிறது என்ற கணக்கையே சர்வர் வைத்துக்கொள்வதில்லை. ஒருவர் மூடும்போது மாற்றங்கள் போய்ச் சேரும். இன்னொருவர் திறக்கும்போது சரிபார்க்கப்படும். ஏற்கெனவே திறந்து வைத்திருப்பவருக்கு லினக்ஸில் ஒரு நிமிடம்வரை பழைய தகவலே தெரியலாம். சர்வர் நின்று மறுபடி எழுந்தால் வேலை விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பது இதன் பலம். 4ஆம் பதிப்பு ஆப்லாக் போன்ற ஏற்பாட்டைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் இரண்டு பதிப்புகளிலும், பயனர் யார் என்று உறுதிசெய்யும் கெர்பரோஸ் ஏற்பாட்டை வைக்காவிட்டால், கணினி சொல்லும் பயனர் எண்ணைச் சர்வர் அப்படியே நம்பிவிடும். ஊழியர்கள் சொந்த லேப்டாப் கொண்டுவரும் அலுவலகத்துக்கு இது ஆகாது.

வரலாறு சுருக்கமாக: எஸ்எம்பி 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் பிறந்தது, என்எஃப்எஸ் 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில். எஸ்எம்பியை யுனிக்ஸுக்குக் கொண்டுவந்த சாம்பாவைத் தொடங்கியவர் ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல். 2013இல் ஆப்பிளும் தன் ஏஎஃப்பியைப் பின்னுக்குத் தள்ளி எஸ்எம்பிக்கு முதலிடம் கொடுத்தது.

ஆகவே, விண்டோஸும் மேக்கும் கலந்த இடத்தில் எஸ்எம்பி 3 போதும். லினக்ஸ் சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள என்எஃப்எஸ் 4 நல்லது. சாதாரண எஃப்டிபி கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்புகிறது, அதை அணைத்துவிடுங்கள். பழைய ஸ்கேனர் கேட்கிறதே என்று எஸ்எம்பி 1ஐ ஆன் செய்யாதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். எந்தப் பதிப்பாக இருந்தாலும், ரவுட்டரில் எஸ்எம்பிக்கான 445ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.